சேர்ந்த பிள்ளை முடிக்கும் வரை

பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டது என்றால் எங்கள் ஆண்டர்சன்பேட்டையில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சர்க்கரை போகும். சுரங்கத்து லைன் வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டு நற்செய்தி மறுவீட்டுக்குச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அதே பிள்ளை மூன்றாம் பருவத்தில் படிப்பை விட்டு நின்றுவிட்டால் அச்செய்தி எந்தச் சுவரையும் தாண்டுவதில்லை. "பெங்களூரில் வேலைக்குப் போகிறான்" என்று தாய் சொல்வாள். கேட்பவரும் "நல்லது" என்று சொல்லி அப்பால் போய்விடுவர். பட்டம் பெறாமல் நின்றவர்களை எங்கள் ஊரில் எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாங்கள் சிலர் அந்த எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினோம். நாங்கள் என்றால் பெரிய அமைப்பு ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பெமல் தொழிற்சாலையில் பணி முடித்த இருவர், தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மையார், இன்னும் இரண்டொருவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சிறிய அறையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவோம். கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பங்களோடு வருவார்கள். கூடப் படித்தவர்களில் யார் யார் வகுப்புக்கு வருவதில்லை என்பதையும் அவர்களே சொல்வார்கள். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் நம் குடும்பத்தினர் தங்கவயலுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று அவ்வப்போது கேட்டெழுதுவதால், அந்த நோட்டு எங்களுக்குக் கற்பித்ததை இங்கே சொல்லத் துணிகிறோம்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே தங்கம் எடுக்கத் தொடங்கிய பின், வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சொந்த ஊரில் நிலமும் இல்லாமல், ஊர்க்கிணற்றில் நீர் எடுக்கும் உரிமையும் இல்லாமல் இருந்த ஆதிதிராவிடர். பூமிக்கு அடியில் இறங்கினால் சாதி கேட்பார் இல்லை என்று வந்தவர்கள், பூமிக்கு மேலே வந்ததும் படிப்பைத் தேடினார்கள் என்பதுதான் இவ்வூரின் பெருமை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கியபோது, அதைக் கைதாங்கி நின்றவர்களுள் தங்கவயல் தொழிலாளர் முன்வரிசையில் இருந்தனர். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீபிலும் பௌத்த சங்கக் கிளைகள் எழுந்தன. பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகள் பலவற்றை நூலாக்கி வெளியிட்டது எங்கள் ஊர்ச் சித்தார்த்த புத்தகசாலைதான். பகலில் பாறை உடைத்தவர்களின் கைக்காசில் அச்சேறிய நூல்கள் அவை. 1930-இல் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டபோது, அது குற்றவாளிகளுக்குச் செய்வது என்று சொல்லித் தொழிலாளர் வேலைநிறுத்தமே செய்தனர். அப்படிப்பட்ட மான உணர்ச்சி உள்ள ஊர் இது.

1956-இல் மைசூர் அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு எங்கள் ஊரின் வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. ஊர் மட்டும் இங்கேயே இருக்கிறது. விடியுமுன் மாரிகுப்பத்தில் புறப்படும் ரயிலில் ஏறிப் போய், இருட்டிய பின் இறங்கி வருகிறார்கள் மக்கள். கட்டடத் தொழிலாளியும், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும், கடைச் சிப்பந்தியும், கல்லூரி மாணாக்கரும் ஒரே பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நின்றுகொண்டே பாடம் படிக்கும் பிள்ளைகளை அந்த ரயிலில் பார்க்கலாம். உட்கார்ந்து தூங்கிவிடும் பிள்ளைகளையும் பார்க்கலாம், அவர்களே மிகுதி.

இனி நோட்டுக்கு வருவோம். படிப்பை நடுவில் விட்டவர்கள் படிக்கத் திறமையற்றவர்களாக இருப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். எங்கள் நோட்டில் அப்படிப்பட்டவர் மிகச் சிலர். ஒரு பையன் வணிகவியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். தேர்வுக் கட்டணம் 1,900 ரூபாய் கட்டக் கடைசி நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. தந்தைக்குக் கூலி வருவது சனிக்கிழமை. அபராதத்தோடு கட்டலாம் என்று கல்லூரியில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆனால் அபராதம் எவ்வளவு என்று அலுவலகச் சன்னலில் போய்க் கேட்க அவனுக்குக் கூச்சம். ஒரு முறை கேட்டபோது எழுத்தர் கன்னடத்தில் ஏதோ கடிந்து பேசினாராம். அந்தப் பருவம் போயிற்று. அடுத்த பருவத்தில் இரண்டு பருவத்துக்கும் சேர்த்துக் கட்ட வேண்டிவந்தது. "இனிமே போகல தாத்தா" என்று அவன் எங்களிடம் சொன்னபோது ஓராண்டு கழிந்திருந்தது. இப்போது பெங்களூரில் பொட்டலங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருக்கிறான். 1,900 ரூபாய்!

இன்னொரு பெண். தந்தைக்குச் சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டுவிட்டது. தாய் பெங்களூரில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள். பெண் காலையில் தந்தைக்குக் கஞ்சி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போக வேண்டும். ஆகவே முதல் பாடவேளைக்கு எப்போதும் பிந்திப் போவாள். வருகை குறைந்தது. வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. ஆசிரியர் எவரிடமாவது காரணத்தைச் சொன்னாயா என்று கேட்டோம். "அப்பாவோட நோவை எல்லாம் எப்படிச் சொல்றது?" என்றாள். மறுநாள் தையற்கடை அம்மையார் அவளோடு கல்லூரிக்குப் போய் முதல்வரைக் கண்டு பேசினார். முதல்வர் பொறுமையாகக் கேட்டார்; மருத்துவச் சான்று கொண்டுவரச் சொன்னார்; வழி பிறந்தது. அந்தப் பெண் இவ்வாண்டு இறுதித் தேர்வு எழுதுகிறாள். அம்மையார் செலவழித்தது ஒரு பகற்பொழுதும் ஆட்டோ வாடகையும்.

படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தகைய இடர் வராமல் இல்லை. வந்தால் கேட்பதற்கு ஓர் அண்ணன் இருப்பான், சித்தப்பா இருப்பார், அவர் ஒரு தொலைபேசியில் விசாரித்துவிடுவார். முதல் தலைமுறையில் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சித்தப்பா இல்லை. அந்த இடத்தில் யாராவது இருக்க வேண்டும் என்பதே எங்கள் பேச்சின் சாரம்.

அரசு உதவி இல்லையா என்று கேட்கலாம். உண்டு, குறைத்துச் சொல்வதற்கில்லை. பட்டியல் சாதி மாணாக்கருக்கான பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகை 1944-ஆம் ஆண்டிலிருந்தே வழங்கிவருகிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருப்போருக்கு உரியது. ரயில்வேயார் பெண் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையிலும், ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலும், வீட்டிலிருந்து கல்விக்கூடத்துக்குப் போய்வர இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டு கட்டணமின்றித் தருகிறார்கள். கர்நாடக அரசு 2023 ஜூன் 11 முதல் அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணத்தை இலவசமாக்கியிருக்கிறது. ஆனால் ரயில் சலுகை இருப்பதே தெரியாமல் மாதந்தோறும் பணம் கட்டிச் சீட்டு வாங்கிய பெண் பிள்ளைகள் எங்களிடம் வந்திருக்கிறார்கள். பையன்களோ பட்டப்படிப்பில் கால் வைத்ததும் அந்தச் சலுகையை இழக்கிறார்கள். உதவித்தொகை வருவது உறுதிதான். எப்போது வரும் என்பதுதான் உறுதியில்லை. கட்டணம் கட்டும் நாளோ என்றும் மாறாது!

சாதிச் சான்றிதழைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் அது இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் யாவற்றுக்கும் உரிய செய்தி. பட்டியல் சாதி வரிசை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பின்னாளில் குடியேறியவர் புதிய மாநிலத்தின் சலுகைகளைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் தீர்ப்பளித்திருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்த 1950 ஆகஸ்டு 10 என்னும் நாள்தான் இதற்கு எல்லைக் கல். அந்நாளுக்கு முன்பே குடும்பம் மைசூர் நாட்டில் நிலையாக வாழ்ந்தது என்று காட்டினால் பேரப்பிள்ளைகளுக்கு இங்கே உரிமை உண்டு. தங்கவயல் குடும்பங்களுள் பெரும்பாலானவை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வந்தவை. ஆயினும் நாடகச்சேரியில் ஒரு பையன் பெயரையும் பேச்சையும் கண்டு "நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்தானே?" என்று கேட்டால், பதிலுக்கு நீட்ட அவன் கையில் ஒரு காகிதம் வேண்டும். பாட்டனாரின் சுரங்கச் சேவைப் புத்தகம், லைன் வீடு ஒதுக்கிய சீட்டு, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் ஆகியவையே அந்தக் காகிதங்கள். வீடு மாறும்போது பழங்குப்பை என்று இவற்றை எறிந்துவிடுகிறோம். சென்னையிலோ துபாயிலோ சிகாகோவிலோ உங்கள் அலமாரியில் அப்படி ஒன்று கிடந்தால், அதன் படியை இங்கிருக்கும் தம்பி தங்கை பிள்ளைகளுக்கு அனுப்பிவைப்பது பல ஆயிரம் ரூபாய் அனுப்புவதற்குச் சமம்.

அமெரிக்காவில் வாழும் நம் வாசகர் ஒருவர், அங்கும் இதே கதைதான் என்று எழுதியிருந்தார். ஆர்வத்தோடு படித்துப் பார்த்தோம். கறுப்பின மக்களை வெள்ளையர் கல்லூரிகள் சேர்க்காத காலத்தில் அவர்களுக்கென்று எழுந்த கல்லூரிகள் அங்கே ஏறத்தாழ 100 இன்றும் நடக்கின்றன. வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகம் 1867-இல் தோன்றியது. மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய லத்தீன் அமெரிக்க வழியினரின் பிள்ளைகள் நூற்றுக்கு 25 பேருக்குக் குறையாமல் படிக்கும் கல்லூரிகளுக்குத் தனிப்பெயர் கொடுத்து, 1992-இல் சட்டத்தில் இடம் தந்தனர். அந்தப் பிள்ளைகளுள்ளும் பலர் முதல் தலைமுறையினர். வேலை செய்துகொண்டே படிப்பவர்கள். சேருவோர் பலர், முடிப்போர் சிலர்.

அட்லாண்டா நகரில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. கறுப்பின மாணாக்கர் மிகுதியாகப் படிக்கும் இடம். ஒவ்வொரு பருவத்திலும் 1,000 பேர் அளவில், கட்டண பாக்கிக்காகவே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவந்தனர். கணக்கைப் புரட்டிப் பார்த்த நிர்வாகத்தினர், பலருடைய பாக்கி மிகச் சிறிய தொகை என்று கண்டனர். 2011 முதல், விண்ணப்பத்துக்குக் காத்திராமல், படிப்பில் தேறிவரும் மாணாக்கரின் அந்தச் சிறு பாக்கியைப் பல்கலைக்கழகமே தீர்த்துவைக்கத் தொடங்கியது. பாடத்தில் சறுக்கும் பிள்ளையை அந்த வாரமே அழைத்துப் பேச வழிகாட்டிகளையும் அமர்த்தினர். 2003-இல் நூற்றுக்கு 32 பேரே பட்டம் பெற்ற அவ்விடத்தில், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டம் பெற்றனர். கறுப்பின மாணாக்கரும் லத்தீன் மாணாக்கரும் மற்றவர்க்குப் பின்தங்காமல் முடித்தனர்.

நியூயார்க் நகரக் கல்லூரிகள் செய்தது எங்களுக்கு இன்னும் நெருக்கமாகப் பட்டது. 2007-இல் அவை தொடங்கிய திட்டத்தில் ஈராண்டுப் படிப்பு மாணாக்கருக்குக் கட்டணக் குறையும் பாடநூல் செலவும் தீர்த்ததோடு, ஊர்திச் சீட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. தன் வழிகாட்டியைக் கண்டு பேசினால்தான் அம்மாதச் சீட்டு! பேச வராத கூச்சக்காரப் பிள்ளையும் சீட்டுக்காகவேனும் வந்து உட்காரும், உட்கார்ந்தால் பேசும். மூன்று ஆண்டு முடிவில் அத்திட்டத்தில் இருந்தோருள் நூற்றுக்கு 40 பேர் பட்டம் பெற, இல்லாதோருள் 22 பேரே பெற்றனர். இரு சாராரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்து கண்ட கணக்கு இது. ரயில் சீட்டை இப்படிப் பயன்படுத்தலாம் என்பது நூறு ரயில் விட்டுத் திரும்பிய எங்கள் ஊராருக்குத் தோன்றாமல் போயிற்றே என்று சிரித்துக்கொண்டோம்.

அங்கும் எல்லாம் நிலைத்தது என்று சொல்ல முடியவில்லை. 2025 செப்டம்பரில் அந்நாட்டுக் கல்வித்துறை, லத்தீன் மாணாக்கர் மிகுந்த கல்லூரிகள் முதலியவற்றுக்குத் தந்துவந்த நல்கைகளுள் ஒரு பகுதியை நிறுத்துவதாக அறிவித்தது. அரசாங்கத்தின் கை ஒரு நாள் நீளும், ஒரு நாள் சுருங்கும். அருகில் இருப்பவரின் கைதான் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு உதவும்.

இனி நம் சங்கங்களிடம் ஒரு குறை சொல்கிறோம். உரிமையோடு சொல்வதால் யாரும் வருந்தலாகாது. ஆண்டுவிழா மேடையில் முதல் மூன்று மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். அவர்கள் பரிசுக்கு உரியவர்கள்தாம். ஆனால் அந்த மூவரும் நாம் பரிசு கொடுக்காவிட்டாலும் படித்து முடிப்பார்கள். சால்வைக்கும் கேடயத்துக்கும் மேடைப் பந்தலுக்கும் ஆகும் செலவில், தேர்வுக் கட்டணம் கட்ட முடியாமல் நின்றுபோகும் எத்தனை பிள்ளைகளை வகுப்பில் நிறுத்தலாம் என்பதை உங்கள் பொருளாளரைக் கொண்டே கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் எடுத்து இதழில் போட முடியாத உதவி இது என்பதை ஒப்புக்கொள்கிறோம். கட்டண பாக்கி தீர்ந்த பையனை மேடையேற்றிப் படம் எடுத்தால் அடுத்த பிள்ளை நம்மிடம் வாய் திறக்காது.

பெருந்தொகையை ஒரே முறை கொடுப்பதைவிடச் சிறு தொகையை உரிய நாளில் கொடுப்பதே எங்கள் அநுபவத்தில் பயன் தருகிறது. ஒரு பருவத்துக்கு இரண்டு முறை, கட்டணம் கட்டும் கடைசி வாரங்களில், பணம் கையில் இருந்தால் போதும். நேரே கல்லூரிக் கணக்கில் கட்டிவிடுகிறோம். ரசீதின் படி பணம் அனுப்பியவருக்குப் போகும், பிள்ளையின் பெயர் மறைக்கப்பட்டு.

பணத்தைவிடவும் எங்களுக்கு அரிதாக இருப்பது மனிதர்களே. நாங்கள் ஆறு பேர். எங்களுள் நால்வர் அறுபத்தைந்தைக் கடந்தவர்கள். இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும்போது எங்கள் விரல் தடுமாறுகிறது. உங்கள் மகனோ மகளோ, எங்கே இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தொலைபேசியில் எங்கள் பிள்ளை ஒருவரோடு பேச இயலுமானால் அது பெரிய உதவி. பாடம் சொல்லித்தர வேண்டுமென்பதில்லை. "அலுவலகத்தில் போய் இப்படிக் கேள், இந்தக் காகிதத்தைக் கொண்டுபோ, பயப்படாதே" என்று சொல்ல ஓர் அண்ணனோ அக்காவோ வேண்டும். இங்கிருந்து போய்ப் பட்டம் பெற்ற பொறியாளர் ஒருவர் பெங்களூரிலிருந்து இவ்வாறு ஒரு பையனோடு ஈராண்டாகப் பேசிவருகிறார். அவன் தன் ஐயங்களை இப்போது எங்களிடம் கொண்டுவருவதில்லை, அவரிடமே கேட்டுக்கொள்கிறான். எங்களுக்குச் சற்றுப் பொறாமைதான்.

வரும் பருவத்துத் தேர்வுக் கட்டணத்துக்கான அறிவிப்பு இன்னும் சில வாரங்களில் வந்துவிடும். நோட்டில் இப்போது பதினொரு பெயர்கள் இருக்கின்றன. அவர்களுள் மூவர் சென்ற பருவமே நின்றவர்கள். மீண்டும் சேரலாமா என்று தயங்கிக்கொண்டிருக்கிறார்கள். தையற்கடை அம்மையார் அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போவதாக இருக்கிறார்.